பாக்கியம் கேட்ட கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கடும் பனி. ஃபேக்டரி கூரைகூடத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் நாலாவது உதையில்தான் கிளம்பியது. பாக்கியத்தைப் பின்னால் உட்காரவைத்து, துண்டால் என்னோடு சேர்த்துக் கட்டி, லயத்து வீட்டிலிருந்து எஸ்டேட் கேட் வரை இறக்கம். டயாலிசிஸுக்காக அவள் கழுத்தில் வைத்த டியூபில் குளிர் படாமல் இருக்க என் மப்ளர். வழியெல்லாம் "மெதுவா, மெதுவா". இதற்கு மேல் மெதுவாகப் போனால் மோட்டார் நின்றுவிடும்.

கேட்டில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முத்துவின் வேன். வெளி வண்டி எதுவும் கேட்டைத் தாண்டி மேலே வரக் கூடாது. பழைய உத்தரவு. அந்தக் கேட்டைக் காவல் காக்கும் ஜாகா நான்தான்! டயாலிசிஸ் நாட்களில் மட்டும் நேப்பாளித் தம்பி பார்த்துக்கொள்கிறான். எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று. "பாப்போம்லா" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் அவள் மிஷினில், நான் வெளியே பெஞ்சில். எப்போதும் போல.

வாங்கியது: பஞ்சு, பிளாஸ்டர், முட்டைக்கோஸ் ஒன்று. மறந்தது: கேஸ் டியூப்.

நாளை எஸ்டேட் மண்டபத்தில், டேவானில், கூட்டம். யூனிவர்சிட்டி ஆட்கள். கிட்னி நோயாளிகள் டயாலிசிஸைப் பாதியில் விட்டுவிடுவது ஏன் என்று ஆராய்ச்சி செய்யப் போகிறார்களாம். அதில் எதைத் தேட வேண்டும் என்று நோயாளிகளையும் வீட்டு ஆட்களையும் கேட்டே முடிவு செய்வார்களாம். போன மாதம் சங்கீதா என்ற பெண் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனது. பா. உடனே சரி என்றாள். நாலு வருஷமாக "எடை ஏறிடுச்சே, தண்ணி குடிச்சீங்களா" தவிர யாரும் அவளை ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனால் ஆசை.

நான் பேசப்போவது ஒன்றுதான். வேன் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். அது கிடைத்தால் என் பெண்டாட்டி நூறு வருஷம் இருப்பாள்.

மார்ச் 5, புதன்

கூட்டம். நோயாளிகள் நாலு பேர், கூட வந்தவர்கள் நாலு பேர். யூனிவர்சிட்டியிலிருந்து சங்கீதாவும் ஒரு மலாய்க்கார பிரொபசரம்மாவும்.

மேஜை நிறைய வாழைப்பழம், இளநீர். கிட்னிக்காரர்கள் இரண்டையும் தொடக் கூடாது. யாரும் வாய் திறக்கவில்லை, மலையேறி வந்தவர்கள் மனசு நோகுமே என்று. ஆளுக்கு ஒன்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். நோயாளிகளில் ஒருவரான ரெங்கசாமி அண்ணன் மட்டும் என் காதில், "நம்மள சீக்கிரம் அனுப்பி வைக்கப் பாக்குறாங்கடா" என்றார். சங்கீதாவுக்கு அப்புறம் விஷயம் தெரிந்து முகம் சின்னதாகிவிட்டது. பாவம்.

பிரொபசரம்மா எதையும் தொடவில்லை. நோன்பு மாதம். பா. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு கொடுத்தாள். பேசினது பாசார் மலாயில். நான் நம் பேச்சில் எழுதிவைக்கிறேன்.

"தண்ணிகூடக் குடிக்கலியா புவான்?"

"மஹ்ரிப் வரைக்கும் இல்ல. பொழுது சாயணும்."

"தாகமா இருக்குமே?"

"இருக்கும். பழகிடுச்சு."

"பழகிடும்னுதான் எனக்கும் சொன்னாங்க" என்று பா. சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவரவர் கேள்வியைச் சொல்லச் சொல்ல, சங்கீதா ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி போர்டில் ஒட்டியது. நான் வேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். ரெங்கசாமி அண்ணன், உப்பில்லாமல் ருசியாகச் சமைக்க வழி. ஒரு மருமகள், வேலை விட்டு வந்தபின் சாயங்கால முறை கிடைக்குமா என்று. பா. முறை வந்தது. என்னைப் பார்க்காமல் பிரொபசரம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"உங்க புவாசா நோன்பு முடியிறப்ப டிவியில ஒருத்தர் வந்து நாளைக்குப் பெருநாள், ராயான்னு சொல்வாரு. அதோட முடிஞ்சிடும். எனக்கு மிஷினை முடிச்சுக்கலாம்னு யாரு வந்து சொல்லுவா? நானே சொல்லலாமா? யாருகிட்ட சொல்லணும்? அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

சங்கீதா எழுதியது: "டயாலிசிஸை நிறுத்திக்கொள்ள விரும்பும் நோயாளி அதை யாரிடம், எப்படிச் சொல்வது?" எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது.

பிறகு ஆளுக்கு ஐந்து ஸ்டிக்கர். முக்கியம் என்று தோன்றும் கேள்விக்கு ஒட்ட வேண்டும். நம் ஆட்கள் எல்லா அட்டையிலும் சமமாக ஒட்டிவிட்டு வந்தார்கள், யாரையும் விட்டுவிடக் கூடாதே. கல்யாண வீட்டில் ஜாங்கிரி வைக்கிற மாதிரி. பா.வின் அட்டை மட்டும் காலி. சங்கீதா தலையில் கை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஒட்டச் சொன்னது. எது வேண்டுமோ அதற்கு மட்டும்.

பா. ஐந்தையும் தன் அட்டைக்கு. நான் ஐந்தையும் வேனுக்கு. அவள் பார்த்தாள், நான் ஒட்டுவதை. வேறு யாரும் அவள் அட்டைப் பக்கம் போகவில்லை. நடுவில் இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் அவள் அட்டையில் மூன்று ஸ்டிக்கர் கூடியிருந்தது. யார் ஒட்டியது என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம்.

மார்ச் 6, வியாழன்

டயாலிசிஸ். பேசவில்லை. உடம்போடு கட்டிக்கொண்டு போகிறவளிடம் பேசாமல் இருப்பது சுலபமில்லை. முதுகில் அவள் மூச்சு.

பெஞ்சில் உட்கார்ந்து கோபப்பட்டேன். நாலு வருஷம் மழையென்று பார்த்தேனா, குளிரென்று பார்த்தேனா. ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்கிறாள். கிராணி பெண்டாட்டி வரை இன்று தெரிந்திருக்கும்.

அப்புறம் கோபம் போய் பயம் வந்தது. கோபமே தேவலை.

மார்ச் 7, வெள்ளி

வெயில். கீரையை இரண்டு தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினேன். கிட்னிக்காரர்களுக்கு அப்படித்தான். ருசியெல்லாம் சாக்கடைக்கு.

கேட்டேவிட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? உங்ககிட்ட சொன்னா அழுவீங்க, இல்லாட்டி ஏசுவீங்க. அவங்க எழுதிக்கிட்டாங்க."

அழவும் மாட்டேன், ஏசவும் மாட்டேன் என்றேன். இரண்டும் நடந்தது.

முடியும்வரை காத்திருந்தாள். பிறகு, "வேன் வாசலுக்கு வந்தாலும் நான் ஏறணுமில்ல" என்றாள். "மிஷின்ல ஒரு நாள் போகுது. அடுத்த நாள் எந்திரிக்க முடியல. அதுக்கடுத்த நாள் மறுபடி மிஷின். உங்களோட உக்காந்து பேசுறதுக்கு நாளே இல்ல எனக்கு."

நாளை போய்விட்டு வருவோம், பிறகு பார்ப்போம் என்றேன். பேச்சு கிராணி மாதிரியே வந்தது.

மார்ச் 8, சனி

ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கார்கள். ரோடு முழுக்க ஜாம். தாமதம்.

பாதியில் நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து என்னைக் கூப்பிட்டது. பிரஷர் இறங்கிவிட்டது. கட்டிலின் தலைப் பக்கத்தைத் தாழ்த்திவிட்டிருந்தார்கள். முகம் சாம்பல். கால் இரண்டும் இழுத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். பிடித்துவிட்டேன், மரக்கட்டை மாதிரி இருந்தது. "ஒவ்வொரு வாட்டியும் இப்படித்தான் அங்கிள், இதயம் வீக்" என்றது மிஸ்ஸி. ஒவ்வொரு வாட்டியுமா என்றேன். "ஆண்ட்டிதான் உங்களைக் கூப்பிட வேணாம்னு சொல்லுவாங்க. இன்னிக்கு ரொம்ப மோசம்."

நாலு வருஷமாக எனக்கு வேன்தான் பிரச்சினை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இது.

வேனில் தோளில் சாய்ந்து தூங்கினாள். முத்து ரேடியோவை நிறுத்தினான், கேட்காமலே.

மார்ச் 11, செவ்வாய்

டயாலிசிஸ். நானும் உள்ளே உட்கார்ந்தேன். கூட்டம் கம்மி, விட்டார்கள். இன்றும் கால் இழுத்தது. "வெளிய போங்க" என்றாள். போகவில்லை.

டாக்டரை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். வியாழன்.

மார்ச் 13, வியாழன்

டாக்டர் சீனப் பெண். பொறுமை. பா. தானே கேட்டாள், அட்டையில் எழுதினதை அப்படியே.

டாக்டர் சொன்னது: நிறுத்திக்கொள்ளலாம். முடிவு அவளுடையது. நிறுத்தினால் சில நாட்கள், ஒருவேளை கூடக் கொஞ்சம், உறுதியாகச் சொல்ல முடியாது. மூச்சுத் திணறலுக்கு மருந்து உண்டு. மிஸ்ஸி வீட்டுக்கே வரும். மனசு மாறினால் எந்த நாளும் திரும்பி வரலாம்.

"வலிக்குமா டாக்டர்?"

"வலிக்காம பாத்துக்கத்தான் நாங்க இருக்கோம்."

அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் காய்கறிப் படம் போட்ட ஒரு சார்ட். எது சாப்பிடலாம், எது கூடாது. அதை முழுக்கப் படித்தேன். பிறகு, "அவ இஷ்டம்" என்றேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். நாற்பத்தைந்து வருஷத்தில் டவுனில் வைத்து அவள் என் கையைப் பிடித்ததில்லை.

மார்ச் 15, சனி

கடைசி டயாலிசிஸ். அப்படி என்று யாரும் சொல்லவில்லை. மிஸ்ஸி மட்டும் டியூபைக் கட்டும்போது அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டது.

முத்துவிடம் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மகள் புஷ்பா ஈப்போவிலிருந்து வந்தாள். வாசலிலேயே, "நீங்க எப்படிப்பா ஒத்துக்கிட்டீங்க?" பா. உள்ளேயிருந்து, "அவரை ஒண்ணும் சொல்லாத. இங்க வந்து எனக்குத் தலை வாரு" என்றாள். வாரிவிட்டாள். பிறகு பின்பக்கம் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

மதியம் சங்கீதாவின் போன். ஸ்பீக்கரில் போட்டேன். வேன் கேள்விக்குத்தான் நிறைய ஸ்டிக்கராம். ஆனால் பா.வின் கேள்வியையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று பிரொபசரம்மா சொல்லிவிட்டாராம். ஆராய்ச்சி முடிய எவ்வளவு நாளாகும் என்றேன். மூன்று வருஷம் ஆகும் அங்கிள் என்றது.

"ஜூன்ல அடுத்த கூட்டம். ஆண்ட்டியும் வரணும்."

"ஜூன்ல நான் இருக்க மாட்டேம்மா" என்றாள் பா. "நிறுத்திட்டேன். கேள்வியை மட்டும் எடுத்துடாதீங்க."

வந்து பார்க்கலாமா என்று கேட்டது சங்கீதா.

"வாம்மா. வர்றப்ப ஒரு இளநி வாங்கிட்டு வா. இப்ப ரெண்டு வாய் குடிக்கலாம்னு மிஸ்ஸி சொல்லியிருக்கு."

எனக்குத்தான் தாங்கவில்லை. எழுந்து போய் மோட்டாரைத் துடைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

காலையிலிருந்து தூறல். பா.வுக்குக் கால் வீக்கம், மற்றபடி பரவாயில்லை. இன்று நாள் முழுக்க என்னோடு பேசினாள். சண்டைகூடப் போட்டோம், புஷ்பா கல்யாணத்தில் யார் என் வேட்டியைத் தொலைத்தது என்று. அவள்தான். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

சாயங்காலம் முத்து போன் செய்தான். குரலில் ஒரே குஷி.

"அண்ணே, எஸ்டேட் துரை சரின்னுட்டாரு. டேவான்ல நீங்க பேசினதை யூனிவர்சிட்டி அம்மா அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. நாளையிலேர்ந்து வேன் கேட்டைத் தாண்டி உங்க வாசலுக்கே வரும். அக்காவை மோட்டார்ல ஏத்த வேணாம்லா."

சந்தோஷம் தம்பி என்றேன். நாளைக்கு வர வேண்டாம் என்றேன்.

"அப்ப வியாழக்கிழமை?"

"வேணாம்."

"சனிக்கிழமை வரட்டுமாண்ணே?"

அதுவும் வேண்டாம் என்றேன். அவன் கேட்டான். "அக்காவுக்கு என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா" என்றேன். "வீட்டுல இருக்கா."