இரண்டும் இடது கை

மார்ச் 4
தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்து ஆறு வாரம். கழுத்துத் தழும்பைக் கண்ணாடியில் பார்த்தேன். தையல் சுமார்தான். நான் போட்டிருந்தால் இன்னும் நேராக வந்திருக்கும்.
இன்று மறுபடி தையல் கடையைத் திறந்தோம். நான் துணி வெட்டுவேன், நாத்தனார் தைப்பாள். பதினெட்டு வருடத்தில் ஓர் அளவைக்கூட எழுதி வைத்ததில்லை. டேப்பை ஒரு தடவை பிடித்தால் போதும்.

மார்ச் 19
சட்டை தைக்கக் கொடுத்த நர்ஸம்மாவின் தோளளவு மறந்துவிட்டது. காலையில் எடுத்ததுதான்.

மார்ச் 27
பகலிலேயே தூக்கம் அசத்துகிறது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு எடுத்தேன் என்று நிற்கிறேன். பாதி அளவுகள் குத்துமதிப்புதான். ஆனாலும் ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை. கைப்பழக்கம்!

ஏப்ரல் 2
நர்ஸம்மா சட்டைக்கு இரண்டு முழுக்கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். பூப்போட்ட துணி. ஒரு கையை வெட்டியதும் துணியைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன். கத்துக்குட்டி செய்கிற தப்பு. வேறு துணியும் மிச்சமில்லை.
"இதையே திருப்பி வெட்டி அரைக்கையா மாத்திடலாம் அண்ணி, விடுங்க."
நாத்தனார் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. கழுத்துல எடுத்ததோட சேர்த்து என் மூளையையும் எடுத்துட்டாங்களா? இனிமே என்னால வெட்டவே முடியாதா?

ஏப்ரல் 9
கத்தரிக்கோலைத் தொடவில்லை. பட்டன் தைத்தேன்.

ஏப்ரல் 17
டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"
"ஒரு நாள் விட்டதில்லைங்க. மறந்துடக் கூடாதுன்னு தைராய்டு மாத்திரை, கால்சியம் ரெண்டையும் ஒண்ணாவே முழுங்கிடறேன்."
பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கால்சியத்தோடு சேர்ந்து போனால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம். அதனால்தான் இந்தத் தூக்கமும் மறதியுமாம். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். "அன்னிக்கே சொன்னேனேம்மா."
சொல்லியிருப்பார். அதையும் நான் எழுதி வைக்கவில்லையே.
"பழையபடி ஆயிடுவேனா?"
"நல்லா தேறுவீங்க. அப்படியே பழையபடின்னு இப்ப சொல்ல முடியாது."

மே 30
தூக்கம் விலகியிருக்கிறது. நோட்டு வாங்கினேன். அளவை எழுத இரண்டு நாள் அவமானமாக இருந்தது.

ஜூன் 21
நர்ஸம்மா புதுத் துணியோடு வந்தார். முழுக்கை வேண்டுமாம். நாத்தனாரைப் பார்த்து, "தொலைஞ்ச டேப்பு கிடைச்சுதா?" என்றார்.
"எந்த டேப்பு?" என்றேன் நான்.
"மார்ச்சுல, பழைய டேப்பு தப்பு அளவு காட்டிச்சு, இப்ப அதுவும் தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லி, இவங்க வீட்டுக்கே வந்து மறுபடி அளவெடுத்தாங்களே. எங்க தெருவுல நாலஞ்சு வீட்டுக்கு வந்தாங்க."
நாத்தனார் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதனால்தான் ஒரு சட்டையும் திரும்பி வரவில்லை. நான் தப்பாக வெட்டியதை அவள் தைக்கும்போதே திருத்தியிருக்கிறாள். நான் கைப்பழக்கம் என்று பீற்றிக்கொண்டேன்.
"கிடைச்சிடுச்சுங்க" என்றேன்.
அவர் போனதும் முதல் கையை வெட்டினேன். துணியைத் திருப்பிப் போட்டேன். இரண்டாவது கையை வெட்டுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டேன்.
"ஒரு தடவை பாரும்மா."
எழுந்து வந்து, தடவிப் பார்த்தாள்.
"சரியா இருக்கு அண்ணி."
வெட்டினேன்.