பின்பக்கத்து நான்காம் கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

என் மனைவி, இவள், இன்று காலை முன்னறைச் சன்னலுக்கு மேலே தன் போர்டை மாட்டினாள். ஏணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. வீடு விற்கவும் வாங்கவும் அணுகவும் என்று நீல எழுத்து, கீழே இவளுடைய கைப்பேசி எண்.

"நேரா இருக்கா?"

இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சொன்னேன்.

"ஆயுசு பூரா பசங்க நோட்டுல மார்ஜின் பார்த்த கண்ணு. சும்மா விடுமா?" என்று திருகாணியை முறுக்கினாள்.

பெரிய கம்பெனி ஒன்றில் வருடக்கணக்காக வீடு விற்றுக் கொடுத்துவிட்டு, போன மாதம் வேலையை விட்டவள். அங்கே மேலாளர் எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். எங்கள் வீட்டில் அவர் பெயர் டைக்காரர். "கொஞ்ச நாள் சுத்திட்டு வாங்க மேடம், உங்க நாற்காலிய அப்படியே வெச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பினாராம். கேட்பதற்கு வாழ்த்து போலத்தான் இருக்கிறது. இவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புவியியல் வாத்தியார் ஓய்வுபெற்றால் என்ன ஆவார்? விளம்பரப் பிரிவுத் தலைவர் ஆவார். பிரிவில் வேறு ஆள் இல்லை.

மார்ச் 6, வியாழன்

முதல் வீடு கிடைத்துவிட்டது. பஸ் போகிற கடைசி நிறுத்தத்தில், ஒரு நர்ஸம்மாவின் வீடு. மகளோடு போய் இருக்கப்போகிறார். இரண்டு படுக்கையறை, வெளிச்சமான சமையலறை, தடித்த சுவர்கள், பின்னால் ஓர் எலுமிச்சைச் செடி. குறை சொல்ல ஒன்றும் இல்லையே என்று நான் நினைத்த நேரத்தில் வாசலில் பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமலே இறங்கிப்போய் டீ குடித்தார். அலமாரிக் கண்ணாடி முழுக்க நடுங்கியது. நர்ஸம்மா பேசிக்கொண்டேதான் இருந்தார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

பஸ் போனதும் சொன்னார்: "பழகிடும் சார். ஆஸ்பத்திரில சத்தம் இருந்தா எனக்கு நிம்மதி. அமைதியானாத்தான் எழுந்து ஓடுவேன்."

கதவருகே இவளிடம், "மாசக் கடைசி வரைக்கும் நீங்க பாருங்க. அதுக்கு மேல உங்க பழைய கம்பெனிக்காரர் கேட்டிருக்காரு" என்றார்.

திரும்பி வரும்போது இவள் விரல்விட்டு நாட்களை எண்ணினாள். முதல் வீடே டைக்காரரிடம் போனால் அப்புறம் இந்த ஊரில் யார் இவளை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுப்பார்கள்?

மார்ச் 7, வெள்ளி

படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. எடுத்தேன். இவள் பார்த்தாள்.

"கழிவறை மூடி திறந்திருக்கு. கதவுல ஈரத் துண்டு தொங்குது. நிலைக்கண்ணாடில நீங்க தெரியறீங்க. வீட்டோட உங்களையும் சேர்த்து விக்கணுமா?"

மறுபடி போனேன். காலை வெளிச்சத்தில், திரைகளை விலக்கி, எல்லா விளக்கையும் போட்டு. படங்களை எந்த வரிசையில் போட வேண்டும் என்பதையும் இவள்தான் சொன்னாள். வருகிறவரின் கால் எப்படிப் போகுமோ அப்படியே படமும் போக வேண்டும்: வெளிக்கதவு, வாசல், கூடம், சமையலறை. நான் கழிவறையில் தொடங்கி மொட்டைமாடியில் முடித்திருந்தேன். வரைபடத்தை மூலையிலிருந்து படிக்கக் கூடாது என்று வகுப்பில் நான் சொன்னதே எனக்கு ஏறவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

முதல் குடும்பம் பார்க்க வந்தது. கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை. படுக்கையறைக்குள் நுழைந்ததும் காற்று எந்தத் திசையிலிருந்து வரும், ஏன் வரும், மலை குறுக்கிட்டால் என்ன ஆகும் என்று விளக்க ஆரம்பித்தேன். மலை எதற்கு வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இவள் என் சட்டையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"வாங்க வந்தவங்களுக்குப் பாடம் நடத்தாதீங்க. ரூமுக்குள்ள போனதும் நாம வாயை மூடிக்கணும். அந்த நேரத்துலதான் அவங்க மனசுக்குள்ள கட்டிலைப் போட்டுப் பார்ப்பாங்க."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். அந்தப் பெண் சுவரோரம் நின்று இரண்டு கையையும் விரித்து அளந்துகொண்டிருந்தாள். கட்டில் போட்டாகிவிட்டது. தொட்டில்கூடப் போட்டிருப்பாள்.

பிறகு பஸ் வந்தது. குழந்தை வீறிட்டது. கட்டில், தொட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்னும் இரண்டு குடும்பம். இரண்டு பஸ்.

மார்ச் 12, புதன்

ஒரு யோசனை. வகுப்பில் கடைசி பெஞ்சு யாருக்கும் பிடிக்காது. ஆனால் நெட்டையாக வளர்ந்துவிட்ட பையன் மட்டும் ஓடிப்போய் அதில்தான் உட்காருவான். அங்கேதான் அவனால் காலை நீட்ட முடியும், பின்னாலிருந்து யாரும் தலையில் தட்ட மாட்டார்கள். இந்த வீட்டுக்கும் ஒரு நெட்டைப் பையன் எங்கேயாவது இருப்பான். எல்லோரையும் கூப்பிடுவதைவிட அவன் ஒருவனைக் கண்டுபிடிப்பது மேல்.

யார் அவன்? யோசித்து யோசித்து, பஸ் ஓட்டுநர் என்று முடிவு செய்தேன். வேலையும் வீடும் ஒரே இடத்தில். மாலையில் நிறுத்தத்துக்குப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் எடுத்துச் சொன்னேன். அவர்களில் வயதானவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், நாள் பூரா இந்தச் சத்தத்துல கெடக்கறேன். வீட்டுக்குப் போயும் இதையே கேக்கணுமா? என் பொண்டாட்டி சத்தமே போதும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மார்ச் 13, வியாழன்

நோட்டீஸ் எழுதி முடித்து அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். முதலில் எழுதியதில் 'அழகிய', 'அருமையான', 'அற்புதமான' எல்லாவற்றையும் இவள் அடித்துவிட்டாள். "இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் எழுதறது. இந்த வீட்டுக்கு மட்டும் எதுன்னு சொல்லுங்க." சரி என்று, சமையலறையில் நின்றால் எலுமிச்சைப் பூ வாசம் வரும் என்று எழுதினேன். அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

நாளை மறுநாள் செய்தித்தாளுக்குள் வைத்து வீடு வீடாகப் போகும். அச்சகக்காரரே அனுப்பிவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர்.

மார்ச் 15, சனி

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

காலையில் செய்தித்தாளை விரித்தேன். நோட்டீஸ் விழுந்தது. முன்பக்கம் இவள் பார்த்துச் சரி சொன்னது. திருப்பினால் பின்பக்கம்...

பாடம் எழுதினால் கீழே பயிற்சி வினா எழுதாமல் என் கை நிற்காது. கையெழுத்துப் பிரதியின் பின்பக்கத்தில் எனக்கு நானே விளையாட்டாக எழுதி வைத்திருந்தேன். அச்சகக்காரர் இரண்டு பக்கத்தையும் அச்சடித்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. தாளைக் கொடுத்தவன் நான்தானே.

'பயிற்சி. 1. சமையலறைக்குக் காலை வெயில் எந்தச் சன்னல் வழியாக வருகிறது? 2. எலுமிச்சைச் செடி எந்தத் திசையில் உள்ளது? 3. வாசலிலிருந்து நிறுத்தம் வரை வழிப்படம் வரைக. 4. இவ்வீட்டின் பெருங்குறை ஒன்றைக் கூறுக.' அதோடு விட்டேனா? விடைகளைத் தலைகீழாகக் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டாவதற்கு விடை: மேற்கு. நான்காவதற்கு விடை: பஸ் இரைச்சல், விடியற்காலையே தொடங்கும், பக்கத்தில் பேசுவது கேட்காது.

இவள் தாளைத் தலைகீழாகப் பிடித்து அந்த விடையைப் படித்தாள். நிமிர்த்தி வைத்தாள். உள்ளே போனாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

நர்ஸம்மா போன் செய்தார். "சார், நான் வீட்டை விக்கச் சொன்னேன். பரீட்சை வைக்கச் சொல்லலை."

மார்ச் 16, ஞாயிறு

மன்னிப்புக் கேட்க நர்ஸம்மா வீட்டுக்குப் போனோம். வாசலில் ஏகப்பட்ட செருப்பு. உள்ளே தெருவே இருந்தது. எதிர்வீட்டு மீசைக்காரர் கையில் நோட்டீஸோடு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் சாரா? ரெண்டாவது விடை தப்பு. மேற்குன்னு போட்டிருக்கீங்க. எலுமிச்சை வடமேற்குல இருக்கு. வாங்க, காட்டறேன்."

எல்லோருமாகப் பின்கட்டுக்குப் போனோம். வடமேற்குதான். புவியியல் வாத்தியார் தெருவே பார்க்கத் தலையாட்டினேன்.

"இத்தனை வருஷம் எதிர்லயே இருக்கேன், இன்னிக்குத்தான் உள்ள வர்றேன். சுவரு இவ்ளோ கனமாம்மா?" என்று மீசைக்காரர் தட்டித் தட்டிப் பார்த்தார். நர்ஸம்மாவுக்குக் கோபத்தைத் தொடரவும் முடியவில்லை, வந்தவர்களுக்கு டீ போடாமல் இருக்கவும் முடியவில்லை. வாங்குகிற ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

டைக்காரர் கூப்பிட்டிருக்கிறார். "நோட்டீஸ் பார்த்தேன் மேடம். ஆபீஸே சிரிச்சுது. நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு."

சாயங்காலம் பார்க்கிறேன், ஏணி முன்னறையில் நிற்கிறது.

"எதுக்கு?"

"போர்டுல தூசி."

தூசி இல்லை. நான் ஏணியை எடுத்துக் கொல்லைப்புறம் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

காலையில் போன். இவள் குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"நோட்டீஸ்ல பின்பக்கம் நாலாவது கேள்வி... அது நிஜமா சார்?"

நிஜம்தான் அம்மா என்றேன். மறைத்து என்ன பயன்?

"பக்கத்துல பேசறதே கேக்காதுன்னு போட்டிருக்கீங்களே, நிஜமாவே கேக்காதா? சும்மா எழுதினதா?"

"கேக்காதும்மா. அலமாரிக் கண்ணாடி ஆடும்."

"நாள் பூராவுமா? நடுவுல நின்னுடாதே?"

இப்படிக் கவலைப்பட்டு யாரும் கேட்டதில்லை. மெதுவாகக் காரணத்தைக் கேட்டேன். டிரம்ஸ் சொல்லித்தருகிறவராம். வாடகை வீடுகளில் அக்கம்பக்கத்தார் புகார் சொல்லிச் சொல்லி, ஊரில் பாதித் தெருக்களைப் பார்த்துவிட்டாராம். "வீடு பார்க்கப் போனா எல்லா ஏஜென்ட்டும் 'ரொம்ப அமைதியான இடம் மேடம்'னு ஆரம்பிக்கறாங்க. அங்கேயே திரும்பிடுவேன் சார்."

நெட்டைப் பையன்!

இவள் ஈரத் தலையோடு வந்து நின்றாள். போனை அவள் கையில் கொடுத்தேன். இதற்கு மேல் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 22, சனி

டிரம்ஸம்மா ஒரு டிரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டே வந்தார். வாங்குகிறவர் கேட்பதற்கு முன் அவர் பயப்படுவதைச் சோதித்துக் காட்டிவிட வேண்டும் என்றாள் இவள். பின்னறைக் கதவைச் சாத்தி அவரை வாசிக்கச் சொன்னாள். நர்ஸம்மா கூடத்தில், நான் வாசலில், இவள் எதிர்வீட்டுப் படியில், மீசைக்காரரின் பக்கத்தில். டிரம்ஸம்மாவை வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டுவிட வேண்டுமாம். "நாளைக்கு அவரு புகார் சொன்னா, வித்தது நான்தானே?"

பஸ் நின்றிருந்தது. டிரம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். ஒன்றும் இல்லை. தொடங்கவில்லையோ என்று உள்ளே போய்ப் பார்த்தால், கதவுக்குப் பின்னால் இடி இடிக்கிறது. திரும்ப வாசலுக்கு வந்தால் பஸ் மட்டும்தான்.

பஸ் கிளம்பிப் போனது. இப்போது கேட்டது, தடித்த சுவருக்குள்ளிருந்து, பக்கத்துத் தெருவில் யாரோ தட்டுவது போல. எல்லோரும் மீசைக்காரரைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இவள் புடவை முந்தானையைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"பரவாயில்லம்மா" என்றார் ஒருவழியாக. "இத்தனை நாள் வெறும் இரைச்சல். இனிமே தாளத்தோட இருக்கும். ஆனா மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசருவேன்."

"அப்போ வகுப்பே கிடையாதுங்க" என்றார் டிரம்ஸம்மா, வியர்த்த முகத்தோடு வெளியே வந்து.

பிறகு அவர் தனியாகப் பின்னறைக்குத் திரும்பிப் போனார். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை, பேசவில்லை. எனக்குப் பேச எவ்வளவோ இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

போன் வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

வந்தது. எடுத்துக்கொள்கிறாராம்.

மார்ச் 28, வெள்ளி

நர்ஸம்மாவும் டிரம்ஸம்மாவும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நர்ஸம்மா என்னைப் பார்த்து, "நாலாவது கேள்விக்கு முழு மார்க் சார்" என்றார். "ரெண்டாவதுல போச்சும்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவள் ஏணியைத் தேடினாள். எனக்குத் திக்கென்றது. "இடப்பக்கம் இன்னும் இறங்கித்தான் இருக்கு. பிடிங்க" என்றாள். பிடித்தேன். இப்போது நேராக இருக்கிறது.

மே 11, ஞாயிறு

மீசைக்காரர் தன் மச்சானின் வீட்டை இவளிடம்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக அழைத்திருந்தார். கடைசி நிறுத்தத்துக்கு பஸ்ஸில் போனோம். இவள் மடியில் ஒரு கட்டு நோட்டீஸ், மூன்றாவது வீட்டுக்கு. போன வாரம் நான் ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கொடுத்தபோது, திருப்பிப் பார்த்துவிட்டு, "பயிற்சி எங்க வாத்தியாரே?" என்று திருப்பித் தந்துவிட்டாள். அந்த வீட்டுச் சமையலறை இருட்டு. நான்காம் கேள்வியில் போட்டிருக்கிறோம். டைக்காரர் கம்பெனி நோட்டீஸிலும் இப்போது கேள்விகள் வருகின்றன. 'இவ்வீட்டின் சிறப்புகள் ஐந்தினை எழுதுக' என்கிறார். ஐந்து மதிப்பெண் போடலாம்.

நாங்கள் இறங்கியபோது நர்ஸம்மாவின் பழைய வீட்டுப் பின்னறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர், அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்த அதே வயதானவர், சாவியைத் திருகினார். எஞ்சின் நின்றது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்து கேட்க ஆரம்பித்தார்.

சற்று நேரத்தில் டிரம்ஸம்மா குச்சியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, எஞ்சினை ஏன் நிறுத்தறீங்க? பசங்க புதுசா கத்துக்கறாங்க, தெருவே கேக்குது. வெக்கமா இருக்குண்ணே, போட்டு விடுங்க."

"அட, நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார் ஓட்டுநர். சாவியைத் தொடவே இல்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மத்தியானத் தூக்கம் சாயங்காலம் வரை நீண்டு, இப்போதுதான் கலைந்த கண்ணோடு மீசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா அது? ஏன் திடீர்னு இப்படி அமைதியாயிடுச்சு?"