சோபாவில் சாயாமல்

என் அருமை அப்பா,

உங்களுக்கு நல்ல செய்தி. இன்று காலை முழங்கால் போட்டேன். சோபாவைப் பிடிக்காமல், அதில் சாயாமல். மாலை ஜெபமாலையில் யாராவது கட்டிலில் லேசாகச் சாய்ந்தாலே தொண்டையைக் கனைப்பீர்களே, இன்று அதற்கு வேலையே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். நீங்கள் இறந்த அடுத்த குளிர்காலத்தில் ஆபீஸ் நண்பர்களோடு இங்கே டாஹோ பனிமலைக்குப் போனேன். இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் விளையாட்டு. இந்த வயதில் இது தேவையா என்பீர்கள். தேவைதான் அப்பா, விழுகிற வரைக்கும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது! விழுந்ததில் முதுகெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கால்கள் மரத்துக் கிடந்தன. மறுபடி நடப்பேனா என்று கேட்டால் டாக்டர் பிடிகொடுக்கவே இல்லை.

அதற்குள் இங்கே ஒரு கூத்து. எங்கள் சான்டா கிளாரா ஜெபக்குழுவின் ஸ்டெல்லா ஆன்ட்டி, நான் குணமாக ஜெபிக்கச் சொல்வதற்கு, உங்கள் மறைவுக்குப் போட்ட வாட்ஸ்அப் செய்தியையே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார். ‘சகோதரி ரெஜினாவின் ஆன்மா இளைப்பாற ஜெபிப்போம்.’ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நானே அதைப் படித்தேன். உடனே போன் செய்தேன்.

“ஆன்ட்டி, நான் இன்னும் இருக்கேன்.”

“ஐயோ மாதாவே! அவசரத்துல சரியா எடிட் பண்ணாம விட்டுட்டேன்மா!”

அதற்குப் பரிகாரமாக மாதக்கணக்கில் அவர் வீட்டு மீன் குழம்பு வந்தது. சிரித்தால் தையல் வலிக்கும். ஆனாலும் சிரித்தேன்.

என்னைப் பார்த்துக்கொள்ளத் திருச்சியிலிருந்து அம்மா வந்தார். பிசியோதெரபி கொடுத்த பெண், என்ன செய்ய ஆசை என்று கேட்டாள். மற்றவர்கள் ஓட வேண்டும், சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பார்களாம். நான் முழங்கால் போட வேண்டும், நானே எழுந்திருக்க வேண்டும் என்றேன். ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் உங்கள் முன் முழங்கால் போடுவேன். என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு, “பாத்துப் போ” என்பீர்கள். நீங்கள் இல்லாமல் இனி யார் முன்னால் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இன்று அம்மா ஊருக்குத் திரும்பும் நாள். பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டோம். நான் மெல்லத் தரையில் இறங்குவதைப் பார்த்து என் மகள் ஜெனி, “மாம், வெயிட்! ஐ வில் ஹோல்ட் யூ” என்று ஓடி வந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

“அம்மா, சிலுவை போடுங்க.”

“அதெல்லாம் உங்கப்பா வேலைடி. எனக்கு என்ன தெரியும்?”

தெரிந்திருந்தது. கட்டைவிரலால் நெற்றியில் போட்டார். உங்களைப் போலவே, “பாத்துப் போ” என்றார். விமானம் ஏறப் போகிறவர் அவர். வீட்டில் இருக்கப் போகிறவள் நான்! இருவருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பிறகு எழுந்தேன் அப்பா. நானே எழுந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன். உங்கள் கல்லறை முன்னால் முழங்கால் போடுவேன், எதிலும் சாயமாட்டேன். இது சத்தியம். மறுபடி பனிக்குப் போவேனா என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

தன் காலில் எழுந்து நிற்கும் உங்கள் மகள்,
ரெஜினா