சைகோனுக்கு எழுத வேண்டாம்

அன்பு மகளுக்கு,

எழுத உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். அம்மாவின் வயிற்றுக் கட்டி பரவிவிட்டதாம். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வலிக்கு ஊசி போட மடத்து சிஸ்டர் வருகிறார். அவர் வரும்வரை கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன்.

காலையில் தலை வாரிவிட்டேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"வகிடு கோணலாப் பூடுச்சுங்க, மறுபடி வாருங்க" என்று சிரித்தாள். சீப்போடு வந்த முடியைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டேன்.

"சைகோனுக்கு எழுதாதீங்க. அது புள்ளத்தாச்சி, பயந்துடும்" என்கிறாள். சரியென்று தலையாட்டிவிட்டு எழுதுகிறேன்.

இந்த நிலையில் நீ கப்பலேற வேண்டாம். பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாமென்று அம்மாவைக் கேட்டு ஒரு கடிதம் போடு. படித்துக் காட்டுகிறேன். நான் எழுதியதை அதில் சொல்லாதே.

தபால் வந்துசேர நாளாகும். இன்றே எழுது.

அப்பா