அப்பாவுக்குப் பிடிக்காத கூடாரங்கள்

மயிலாப்பூர்,
23-3-1997, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஸஹானாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் அப்பா சௌக்கியம், அவர் மாத்திரைகள் வேளைக்கு உள்ளே போகின்றன. கீழ்வீட்டு வெங்கடரமணனின் பிள்ளை சுஹாஸ் அமெரிக்காவிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது அவனிடம் நீ கொடுத்தனுப்பிய பச்சைக் கூடாரம் ஒன்றுதான் கொஞ்சம் சௌக்கியக் குறைவாக இருக்கிறது, அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். டென்வரில் உன் இருமல் நின்றதா, நிற்கவில்லை என்றால் மிளகு ரசம் வைத்துக் குடி, டப்பாவில் வருகிற சூப்பையெல்லாம் ரசம் என்று நினைத்து ஏமாறாதே. நீ அப்பாவுக்குக் கோபமாக எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு கூடாரம் காட்டிவிட்டேன், நாலையும் தட்டிக் கழித்துவிட்டாய், கடையில் தள்ளுபடி ஏப்ரலோடு முடிகிறது, ஆபீஸில் லீவு சொல்லவேண்டும், அக்டோபரில் நாம் பிண்டாரி பனியாற்றுக்கு நடக்கப் போகிறோமா இல்லையா, ஒரே வார்த்தையில் பதில் போடு அப்பா, என்று எழுதியிருந்தாய். அவர் அதை இரண்டு தடவை படித்தார், மடித்து ரேடியோவுக்கு அடியில் வைத்தார், கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு பார்க்குக்குப் போய்விட்டார். ஒரே வார்த்தையில் பதில் போடுகிற மனிதரா அவர், அதனால் நான் பல வார்த்தைகளில் போடுகிறேன். இப்போது அடையாறில் உன் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் எழுதி ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிடவேண்டும்.

முதலில் உன் அப்பாவின் புகழைச் சொல்கிறேன். நாகேஸ்வர ராவ் பார்க்கில் காலையில் நடக்கிற அத்தனை பேருக்கும் ஸ்ரீரங்கன் சார் இமயமலை போகிறார் என்று தெரியும். பால் பூத்தில் தெரியும், கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவருக்குத் தெரியும். பாண்டி பஜாரில் ஒரு குரங்குக் குல்லாய் வாங்கி, பங்குனி வெயிலில் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார், நான் பயந்தே போனேன். நீ கூடாரத்தின் எடை இரண்டு கிலோ சொச்சம் என்று எழுதினாய் அல்லவா, அந்த எடை எப்படி இருக்கும் என்று தெரியவேண்டாமா என்று என் பச்சரிசி டப்பாவிலிருந்து இரண்டு கிலோ அளந்து முதுகுப் பையில் கட்டிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றினார். பையில் ஓட்டை, தெற்கு மாட வீதிப் புறாக்களுக்கு அன்று நல்ல சாப்பாடு. உன் ஸ்ரீலக்ஷ்மி அத்தை வந்தவள், இருபத்தேழு வயசுப் பொண்ணுக்கு ஜாதகம் பார்க்காம கூடாரம் பார்த்துண்டிருக்கேளே என்று மூக்கைச் சிந்தினாள். பிடிக்கலைன்னா கூடாரத்தை ஒரு வருஷத்துக்குள்ள கடையில திருப்பிக் குடுத்துடலாமாம், மாப்பிள்ளைக்கு அந்த வசதி உண்டா என்று கேட்டேன். காபியைக்கூட முழுக்கக் குடிக்காமல் கிளம்பிப் போனாள்.

இப்போது கூடாரங்களுக்கு வருகிறேன். நீ அனுப்பிய கேட்டலாகில் காட்டிய முதலாவதை அப்பா கனம் என்று தள்ளினார். இரண்டாவதற்கு ஒரே வாசல், அவசரத்துக்கு எழுந்திருந்தால் குழந்தையை மிதித்துக்கொண்டு போகவேண்டும் என்றார். மூன்றாவதின் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து, காஷாயம் மாதிரி இருக்கு, எனக்கு இன்னும் அந்த வயசு வரலை என்றார். நீயும் ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் பதில் எழுதி, கடைசியில் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்று இந்தப் பச்சையை வாங்கியே அனுப்பிவிட்டாய். இதைப் பற்றித்தானே, உள்ளே ஈரம் கோத்துக்கொள்கிறது, காற்றோட்டம் போதாது, மலைக்கு லாயக்கில்லை என்று போன மாசம் மூன்று பக்கம் எழுதினார்? ஸஹானா, அந்த ஈரம் கூடாரத்தின் குற்றம் இல்லை. அது இரண்டு படி ஜவ்வரிசிக் கூழின் ஈரம்.

நடந்தது இதுதான். மாசி பிறந்தவுடன் அப்பா கூடாரத்தை மொட்டை மாடியில் கட்டினார். முளை அடிக்க மண் இல்லை, சிமென்ட் தரை, அதனால் நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, டிவி ஆன்டெனா குழாயிலும் என் துணிக்கொடியிலும் இழுத்துக் கட்டி ஒரு மாதிரி நிற்க வைத்தார். வேலைக்கு வருகிற ரத்னா பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, மாடி மேல குடிசை போட்டுக்கினு கீறீங்க, வாடகைக்கு வுடப் போறீங்களா என்று சிரித்தாள். வெங்கடரமணன் நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் அல்லவா, சும்மா இருப்பாரா, மொட்டை மாடியில் தற்காலிகக் கட்டடம் எழுப்புவது விதிகளுக்குப் புறம்பானது என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார். இது கட்டடமில்லை, உபகரணம் என்று அப்பா அதற்குக் கீழேயே எழுதிவிட்டு வந்தார். எனக்கு இந்தச் சண்டை ஒன்றும் கண்ணில் படவில்லை, கூடாரத்தின் உள்பக்கம் முழுக்கக் கொசுவலைத் துணி என்பதுதான் கண்ணில் பட்டது. வெயில் உள்ளே வரும், காற்று வரும், காக்காய் வராது. வருஷா வருஷம் குடை பிடித்துக்கொண்டு காக்காய்க்குக் காவல் உட்கார்ந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும். மறுநாள் காலையில் கூழைக் கிளறி, பிளாஸ்டிக் ஷீட்டை உள்ளே விரித்து, மண்டி போட்டுக்கொண்டே போய் வடாம் இட்டு, ஜிப்பை மூடிவிட்டு நிம்மதியாகக் கீழே வந்து படுத்தேன். அப்பா நான் செய்தது தெரியாமல் மேலே போய், மழைக்கான வெளித்துணியையும் மாட்டிப் பார்ப்போம் என்று மேலே போர்த்தி, எல்லா ஓரத்தையும் இழுத்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். சாயங்காலம் ஜிப்பைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி. வடாமெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே தோசையாக இருந்தது. மறுநாள் அதைச் சுரண்டி எடுத்தோம், ஒரு மூலையில் இன்னும் பெருங்காய வாசனை போகவில்லை, கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வானா என்பது உன் சாமர்த்தியம். இதில் வேடிக்கை என்னவென்றால் என்னைத் திட்டவேண்டிய மனிதர் திட்டவில்லை. முகத்தில் ஒரு சந்தோஷம். உடனே பேனாவை எடுத்துக்கொண்டு உனக்கு ஈரம் கோப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டார். வடாம் என்ற வார்த்தை அந்த மூன்று பக்கத்திலும் இல்லை என்று நான் பந்தயம் கட்டுவேன். அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது, இவருக்கு வேண்டியது கூடாரம் இல்லை, கூடாரத்தில் ஒரு குறை.

போன ஞாயிற்றுக்கிழமை அது உறுதியாகிவிட்டது. கழுவித் துடைத்துத் திரும்பக் கட்டிய கூடாரத்தில் ஒரு தடவை படுத்துப் பார்த்தால்தானே தெரியும் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். தலையணையோடு உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு புடவையைப் போட்டுவிட்டு அடுத்ததை உதறுவதற்குள் ஜிப் திறந்தது, முகமெல்லாம் வேர்த்து ஊர்ந்து வெளியே வந்தார், நீளம் போறலை, கால் இடிக்கறது என்றார். குனிந்து பார்த்தேன், அவர் ஆறடி, ஆனாலும் கால்மாட்டில் ஒரு பூசணிக்காய் வைக்க இடம் இருந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார். ஜலஜா, போன வருஷம் பஸ்ஸில எனக்கு நெஞ்சு வலி வந்தப்போ நாலு பேர் இருந்தா, ஆட்டோ இருந்தது, ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தது, அங்க எனக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா கொழந்தை தனியா அந்தக் காட்டுல என்னை வெச்சுண்டு என்ன பண்ணுவா, உள்ள படுத்த உடனே அதுதான் தோணித்து, மூச்சு முட்டிடுத்து, அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, சின்ன வயசிலேர்ந்து அழைச்சுண்டு போறேன் போறேன்னு சொல்லிண்டிருக்கேன், என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் பார்க்கக்கூடாது என்று ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சொல்லாதே என்றார், இதோ சொல்லிவிட்டேன். நீ அவர் மேல் கோபமாக இருக்கிறாய், கூடாரம் தேர்ந்தெடுக்கத் தெரியாத மனிதர் என்று நினைக்கிறாய், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

டாக்டரிடமும் போனேன், அவருக்குத் தெரியாமல். கூடாது என்று ஒரு வார்த்தை சொல்வார், அதைச் சாக்கு வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். தாராளமா போகலாம் மாமி, மெதுவா ஏறச் சொல்லுங்கோ, நல்ல காத்துதானே, என்று சிரித்தபடி சொல்லிவிட்டார். வேண்டாத நாளில் எல்லாம் உப்பைக் குறை, நெய்யைக் குறை என்கிற மனிதர், வேண்டிய நாளில் இப்படிக் கையை விரித்துவிட்டார். ஆக உடம்பு காரணம் இல்லை என்றாகிவிட்டது, பயம்தான் காரணம், அதை உன் அப்பா வாயால் ஒப்புக்கொள்ள மாட்டார், பார்க் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாரே. அவருக்கு மரியாதையாக விலகிக்கொள்ள ஒரு வழி வேண்டும், அந்த வழி உன் கையில் இருக்கிறது.

நீ அனுப்பிய கேட்டலாகில் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடாரம் இருக்கிறது, சாம்பல் நிறம், ஒன்றரைக் கிலோ, இரண்டு பேருக்கு, தலைமாடு உயர்ந்து கால்மாடு சரிந்து போகிறது. எல்லாவற்றிலும் லேசு அதுதான். அப்பாவுக்குக் கால் இடிக்கும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி நீயே அதை அடித்துவிட்டிருந்தாய். அதை வாங்கு. வாங்கிவிட்டு அப்பாவுக்கு எழுது, மற்றதெல்லாம் தீர்ந்துவிட்டது, அவசரத்தில் இதை வாங்கிவிட்டேன், இப்போது பார்த்தால் உனக்கு நீளம் போதாது போலிருக்கிறது, என்ன செய்வது அப்பா, என்று. பொய்தான். முப்பத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லி இந்த வீட்டை நடத்தியிருக்கிறேன். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அப்புறம் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுப்பார். வழியில் அல்மோரா என்கிற மலையூர் வரைக்கும் நம்மோடு வரட்டும், அங்கே வெந்நீர் வருகிற லாட்ஜாகப் பார்த்து விட்டுவிட்டால், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கூடாரம் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பிரசங்கம் செய்துகொண்டு சந்தோஷமாக இருப்பார்.

நம்மோடு என்று எழுதிவிட்டேன், தெரிந்துதான் எழுதினேன். இரண்டாவது ஆள் நான். சிரிக்காதே. லிஃப்ட் நின்றுபோன நாளிலிருந்து லாரித் தண்ணீரை மூன்று மாடி தூக்குகிறவள் நான், உன் ஒன்றரைக் கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறுவேன். வெளித்துணி தரை வரைக்கும் இறங்குகிறதா, தலைமாட்டில் ஆவி வெளியே போக வழி இருக்கிறதா என்று மட்டும் கடையில் பார்த்து வாங்கு. மூன்று பருவத்துக்கு ஆகும் என்றுதானே போட்டிருக்கிறது, நாலாவதான பனிக்காலம் வருவதற்குள் இறங்கிவிடுவோம், அக்டோபர் முதல் வாரமாகப் பார். நீ ஏழாவது படிக்கும்போது அப்பா கூடத்தில் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உனக்குப் பனிமலைகளின் பெயரெல்லாம் சொல்வார், நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, காபி ஆறிப் போகிறது என்று கத்துவேன். உங்களோடு வந்து உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருக்கும் எனக்கு. நான் சொன்னதில்லை. அம்மா நீயும் வருகிறாயா என்று நீங்களும் ஒரு நாள் கேட்டதில்லை. வருத்தப்பட்டு எழுதவில்லை, கேட்டிருந்தால் வேலை இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது வேலை இல்லை, அதனால் நானே கேட்கிறேன்.

கபாலி உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வெளியே போ, நன்றாகச் சாப்பிடு, நீண்ட ஆயுசோடு இரு. அப்பாவுக்கு எழுதும்போது இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அம்மாவை அழைத்துப்போகலாமா என்று அவரிடம் அனுமதி கேள், யோசித்துத்தான் தருவார், காத்திரு. கடைக்காரனிடம் ஒன்று மறக்காமல் சொல், கூடாரத்தில் நீ தவிரப் படுக்கப்போகிற இன்னொருத்தியின் உயரம் நாலடி பதினொரு அங்குலம், அவளுக்கு எங்கேயும் இடிக்காது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜலஜா