கனிக்காக நம்ம ஊட்ல கிறிஸ்துமஸ்

நல்லூர், திருப்பூர்
டிசம்பர் 19

அன்புக் கண்ணு கலைமகளுக்கு அம்மா எழுதறது. ஜெர்மனிக் குளுரைத் தாங்கிட்டு நீயும் மாப்பிள்ளையும் சொகமா இருக்கோணும். இங்க நான், உங்கப்பா, மருமக கனி மூணு பேரும் இருக்கறோம், நல்லா இருக்கறதாவே வெச்சுக்க. போன்ல பேசுனா அவங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே இருக்காங்க, மனசுல இருக்கறதைச் சொல்ல முடியறதில்ல. அதுதான் கேக்குக்கு ஆர்டர் சொல்லிட்டு வர ரெண்டு பேரும் பேக்கரிக்குப் போன நேரமாப் பாத்து எழுதறேன், போட்டோ புடிச்சு உன் போனுக்கு அனுப்பியுடறேன்.

இந்த வருசம் கிறிஸ்துமஸ் நம்ம ஊட்லதான். பங்குனியில அவிநாசி ரோட்டுல உன் தம்பி முருகவேலு வண்டி மேல லாரி ஏறுனதுக்கப்புறம் இந்த ஊட்ல ஒரு நல்ல நாள் கொண்டாடல, தீபாவளிக்கு வெளக்கு ஏத்துனதோட சரி. உங்க அத்தை ஜெயசுதா கேட்டே போட்டா, தீபாவளி இல்லாத ஊட்டுக்குக் கிறிஸ்துமஸ் கேக்குதாக்கும்னு. அது எங்க பண்டிகை, இது அந்தப் புள்ளை பண்டிகைன்னு உங்கப்பா முடிச்சுட்டாரு. விசயம் என்னன்னா, கனியோட அம்மாவும் அண்ணனும் தூத்துக்குடியில இருந்து கிறிஸ்துமஸ் அன்னிக்கு வர்றாங்க, வந்துட்டு அவளைக் கையோட கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்காங்க. விருந்தை நல்லபடியாப் பண்ணுனா, மருமகளை எங்ககிட்டயே உட்டுட்டுப் போயிருவாங்கன்னு நேத்து வரைக்கும் எனக்குள்ள ஒரு நப்பாசை. மார்கழியில நம்ம அடுப்புல கவுச்சி ஏறாது, ஆனா வர்றவங்களுக்குக் கறி இல்லாமயா, மொட்டைமாடியில தனி அடுப்பு வெச்சு பிரியாணி ஆக்கறதுக்கு எதுத்த ஊட்டுப் பாண்டியம்மாள் ஒத்துக்கிட்டா. முன் ரூம்ல முருகன் படத்துக்குக் கீழயே கனி குடில் வெச்சுட்டா, வைக்கோல் பரப்பிக் குட்டி பொம்மையெல்லாம் நிக்குது. அவங்க ஊர் முந்திரிக்கொத்து செய்யவும் கத்துக்குடுத்தா, எனக்கு மாவு கெட்டியாயிருச்சு.

வேலையெல்லாம் நடக்குது, ஆனா இந்த ஊடு சரியில்ல கண்ணு. சாயங்காலம் ஷிப்ட் விட்டு ஆளுக சந்துல வர்றப்ப ஏதோ ஒரு வண்டி முருகவேலு வண்டி மாதிரியே சத்தம் போடுது. நானும் கனியும் ஒரே நேரத்துல கையை நிறுத்திருவோம். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க மாட்டோம். அது தாண்டிப் போனதும் மறுபடி வேலையைப் பாப்போம். வாராவாரம் கனி அவன் சட்டைகளைத் துவைச்சுக் காயப் போடறா. போட ஆளில்லாத சட்டை எப்படி அழுக்காகும், ஆனா நான் வேண்டாம்னு சொல்லல. கொடியில அது ஆடறதைப் பாத்தா அவன் குளிச்சுட்டு உள்ள இருக்கற மாதிரியே இருக்கும்.

நேத்து உங்கப்பா வாசல்ல ஸ்டார் கட்டுனாரு. ஸ்டூல் மேல நின்னுட்டு ஏதோ நெனப்புல, முருகவேலு, அந்த ஒயரை எடுத்துக் குடுடான்னு சத்தமாக் கூப்பிட்டுட்டாரு. அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருச்சு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள உள்ள இருந்து கனி, அவிய இன்னும் கம்பெனியில இருந்து வரலியே மாமான்னு பதில் சொல்றா. கொரல்ல ஒரு நடுக்கம் கெடையாது. தெனமும் சொல்ற மாதிரி, நாளைக்கும் சொல்லப் போற மாதிரி. உங்கப்பா எறங்கி, செருப்புக்கூடப் போடாம வெளிய போயிட்டாரு.

உள்ள போனா அவ பாட்டுக்குத் துணி மடிச்சுட்டு இருக்கறா. தான் சொன்னது அவ காதுலயே உழுகல போல. இருபத்தெட்டு வயசுப் புள்ளை. இங்கயே இருந்தா கெழவி ஆகறவரைக்கும் கதவையேதான் பாத்துட்டு இருப்பா. பக்கத்துல உக்காந்து சொன்னேன், உங்கண்ணன் வந்தா கெளம்பு கண்ணு, படிச்ச படிப்புக்கு ஒரு வேலை பாரு, பின்னால உனக்குன்னு எது அமைஞ்சாலும் எங்களை நெனச்சுத் தயங்காதேன்னு. மடிச்ச துணியவே மறுபடி பிரிச்சு மடிச்சா. அப்புறம் மெதுவாக் கேக்கறா, நான் போயிட்டா அவிய வந்து யாரைத் தேடுவாவ அத்தேன்னு. நான் பெத்தவ இருக்கறேன்ல சாமி, என்னையத் தேடட்டும், இனி அவனைப் பாத்துக்கறது என் பாடுன்னேன். அப்பத்தான் அழுதா. அவனைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குக்கூட அப்படி அழுகல.

நீ மாத்திரையை நேரத்துக்குப் போடு, தலைக்குக் குல்லா இல்லாம வெளிய போகாத. கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில மறக்காமக் கனிக்குப் போன் பண்ணி சிரிச்ச மொகமா வாழ்த்துச் சொல்லு. போகாதேன்னு மட்டும் சொல்லீராத, நீ சொன்னா அவ இருந்துருவா. எனக்கும் அந்த வார்த்தை வாய் வரைக்கும் வருது, பல்லைக் கடிச்சுட்டு இருக்கறேன். சாயங்காலம் அவங்க கார் கெளம்புனதுக்கப்புறம் எனக்குக் கூப்பிடு. அப்ப ஒரு கொரல் வேணும் எனக்கு, உசுரோட இருக்கறவங்க கொரல்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருசம் ஒண்ணா இருக்கோணும்னு சிவன்மலை முருகனைக் கும்பிட்டுக்கற

உன் அம்மா
கு. கண்ணம்மாள்