ஸ்டூல் ஏறும் உத்தியோகம்

செப்டம்பர் 26
கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்தது. ஃபேக்டரி லைனுக்கு மேலே தொங்குற டிவி அணைஞ்சு எரிஞ்சது. படத்தைக் காணோம். டிவிக்குப் படம் அனுப்புற லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, அது அணையலை. டிவி செத்துட்டதா நினைச்சு இன்றைய உற்பத்திக் கணக்கை எல்லாம் தன் திரைக்கே இழுத்துக்கிட்டது. அது இருக்கிறது டிவி பக்கத்தில், உயரத் தட்டில். ஸ்டூல் போட்டு ஏறி ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினேன். படம் டிவிக்கு வந்தது. இறங்கினேன். கம்பெனி கம்ப்யூட்டரெல்லாம் லினக்ஸுக்கு மாறினதிலிருந்து என் உத்தியோகம் இதுதான். பேட்ஜில் 'சிஸ்டம் சப்போர்ட்' என்று போட்டிருக்கு. காண்ட்ராக்ட் அக்டோபர் கடைசி வரை.

செப்டம்பர் 30
நாளை லீவு என்பதால் ஆயுத பூஜை இன்றே. ஹவுஸ்கீப்பிங் செங்கமலம் அக்கா லேப்டாப்பையும் விடலை. துடைச்சு, மூடி, மேலே சந்தனம் குங்குமம் வச்சு, சாமந்தியும் போட்டுட்டா. மூடினா அது தூங்கிடும். மேனேஜர் கற்பூரம் காட்டுறார், டிவி கறுப்பு. தீபாராதனை நடுவில் ஸ்டூல் ஏறினேன். எல்லாரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டிருந்தாங்க.

அக்டோபர் 3
தங்கச்சி பாண்டிச்செல்வி போன் பண்ணினா. அவளுக்குத் தலைத் தீபாவளி. அப்பா இல்லாத வீடு. மாப்பிள்ளையை வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல நான்தான். "நீ வராட்டா அவிய வீட்டுல என்னண்ணே நெனப்பாவ?" வாரேன்னுட்டேன். எந்தத் தைரியத்தில்?

அக்டோபர் 6
சூப்பர்வைசர் ஏகாம்பரநாதன் சாரிடம் லீவு கேட்டேன். தீபாவளிக்கும் லைன் ஓடுதாம். "நீ ஊருக்குப் பூட்டீனா யாருபா ஏறுவா? எனக்கு முட்டி வலி." லீவு இல்லை.

அக்டோபர் 10
டிவி எரிஞ்சதும் படம் தானா அங்கே போக நாலு வரி புரோகிராம் போதும். மூடினாலும் தூங்காமலிருக்க இன்னொரு வரி. ரூமில் உட்கார்ந்து எழுதியும் முடிச்சாச்சு. லேப்டாப்பில் போடலை. போட்டா ஸ்டூல் வேண்டாம். ஸ்டூல் வேண்டாம்னா நான் எதுக்கு? சொந்தச் செலவில் சூனியம் வச்சுக்கவா?

அக்டோபர் 14
ஏறினேன். இறங்கினேன்.

அக்டோபர் 17
போட்டுட்டேன். சார் முன்னாடியே டிவி சுவிட்சை அணைச்சுப் போட்டேன். படம் தானா வந்தது. இதை ஏன் முன்னாடியே செய்யலைன்னு கேட்டார். ஸ்டூலை எடுத்து ஓரமா வச்சேன். ஸ்டூலையும் என் பேட்ஜையும் பார்த்தார். ஊருக்குப் போய்ட்டு வா என்றார்.

அக்டோபர் 20
மாப்பிள்ளையை வாங்கன்னு சொன்னேன். அம்மா அழுதா. தங்கச்சி அதட்டினா. சந்தோஷமாத்தான் இருந்தேன். கம்பெனியிலிருந்து ஒரு போன்கூட வரலை. நான் இல்லாமலே லைன் ஓடுதேன்னு போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 31
மேனேஜர் லைனுக்கே வந்து, இந்தப் பையனுக்கு இன்னும் என்ன வேலைன்னு கேட்டார். பதில் வர்றதுக்குள்ள கரண்ட் போச்சு. ஏகாம்பரநாதன் சார் கத்தினார்: "இசக்கி, ஸ்டூல் எட்றா!" எனக்கு ஒண்ணும் புரியலை. ஏறி, பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு நின்னேன். டிவி எரிஞ்சு படம் தானா வந்தது. இவன் இல்லாட்டின்னு மேனேஜர் இழுத்தார்.
"லைன் அம்பேல் சார், அப்படியே நின்னுபூடும்," என்றார் ஏகாம்பரநாதன் சார்.
சாயங்காலம் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கினாங்க.

நவம்பர் 5
கரண்ட் போச்சு. நான் டீயை வச்சுட்டு வர்றதுக்குள்ள படம் வந்துடுச்சு. சார் முறைச்சார். ஏறி, சும்மா கொஞ்ச நேரம் நின்னுட்டு இறங்கினேன். இறங்குற வரைக்கும் ஸ்டூலை அவர்தான் பிடிச்சுக்கிட்டிருந்தார்.